மேகப்பெட்டி மெய்ப்பாட்டியல்

மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தார் தொல்காப்பியர். ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு, ஆக முப்பத்திரண்டு. மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணரோ பேராசிரியரோ இன்னொன்று சேர்க்கத் தேவை கண்டதில்லை. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் வழியில் இருக்கிற சேந்தமங்கலத்தில், ரகசியம் காக்கும் கிளவுட் கணக்கு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அதன் பாஸ்வேர்டை மறந்துவிட்ட ஒருவர் முகத்தில் தோன்றும் மெய்ப்பாட்டுக்கு அந்த முப்பத்திரண்டில் இடமில்லை என்று நிறுவுவதே இச்சிறு நூலின் நோக்கம்.

பொருளை முதலில் வரையறுத்துவிடுவோம். கிளவுட் என்பது நம் கோப்பை அடுத்தவன் கம்ப்யூட்டரில் வைப்பது. அது இருவகைப்படும். ஒன்று, வைத்திருப்பவனும் திறந்து பார்க்கக்கூடியது; கூகுள் டிரைவ் போன்றவை இவ்வகை. மற்றொன்று, வைத்திருப்பவனே திறக்க முடியாதது. பின்னதில் கோப்பு நம் செல்போனை விட்டுக் கிளம்பும் முன்பே பூட்டப்படும். சாவியைப் பூட்டி வைப்பது நம் பாஸ்வேர்டு. 256 பிட் சாவி என்றால், அப்படி இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கம் வேண்டும். நிறுவனத்திடம் போய்ச் சேருவது பொருள் விளங்காத எழுத்துக் குப்பைதான். அதை அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். இடம் எல்லாரும் விற்கிறார்கள். இவர்கள் விற்பது அறியாமை. மாதச் சந்தாவுக்கு ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கும். ஒரே தெருவில் குடியிருப்பவர்கள்கூட இந்தச் சேவையை இலவசமாகத் தருவதில்லை.

ஆய்வுக்கு ஒரு கல்யாண போட்டோகிராஃபரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் இலக்கணத்துக்குக் கற்பனைத் தலைவன் போதும், அகத்திணையில் பெயர் சுட்டக்கூடாது என்ற விதியும் ஏற்கெனவே உண்டு. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடுகிறவர். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. நிச்சயம், நலங்கு, வரவேற்பு, முகூர்த்தம், மறுவீடு என்று எல்லாம் சேர்ந்தால் ஒரு கல்யாணம் 500 ஜிபியைச் சாதாரணமாகத் தொடும். ஹார்ட் டிஸ்க்குகள் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கின்றன. வீட்டம்மாவுக்கு அந்த ஏற்பாட்டில் விருப்பமில்லை.

இவர் ஏன் கூகுளோடு நிற்கவில்லை? இங்கே அச்சம் என்னும் மெய்ப்பாடு துணைக்கு வருகிறது. தொல்காப்பியர் கண்ட அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற அச்சக் களன்கள் நான்கையும் இன்றைய சைபர் பாதுகாப்பு ஆலோசகர் யாரும் மறுக்க முடியாது. அவர்கள் அதையே படம் வரைந்து காட்டி ரூபாய் வாங்குகிறார்கள்.

கள்வர் வெளிப்படை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடில் பணயத் தாக்குதல் நடந்தது. அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதியே இல்லை. ஏறத்தாழ 5000 அரசு முகவரிகள். மூன்று மாதத்துக்கு மேல் ஓர் அரசாங்கத்துக்கு வந்த கடிதங்கள் காற்றில் போயின. பதில் எழுதாமல் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஆய்வாளர்கள் இன்னும் அளக்கவில்லை.

இறை என்றது அரசை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, பூட்டிய தகவலைத் திறந்துகொடு என்று ஆணையிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. மறந்துவிட்டேன் என்பவனுக்குச் சட்டத்தில் தனிப் பத்தி இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். இரண்டும் ஒரே நாட்டில் நடப்பில் உள்ளன.

விலங்கு என்றால் இங்கே யாருக்கும் முதலில் எலிதான் நினைவுக்கு வரும். ஆனால் அறிவியல் சான்று உள்ளது கரையானுக்கு. 2023இல் உத்தரப்பிரதேசம் மொராதாபாத்தில் ஒரு பெண்மணி, மகள் கல்யாணத்துக்கென்று வங்கி லாக்கரில் வைத்த 18 லட்ச ரூபாய் நோட்டுகளைக் கரையான் அரித்திருந்தது. லாக்கரில் நோட்டு வைப்பது விதிக்குப் புறம்பு. வைத்தது வங்கிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்குத்தான் லாக்கர். லாக்கரைப் பிறகு மீண்டும் எடுப்போம்.

மிச்சம் இருப்பது அணங்கு. கண்ணுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பது. குஜராத்தில் ஒரு பொறியாளர் தம் குழந்தைப் பருவப் படங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றினார். இரண்டு வயதில் பாட்டி குளிப்பாட்டிய படம் ஒன்று அதில் இருந்தது. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்று எந்திரம் முடிவுகட்ட, 2023 மே மாதம் கணக்கு முடங்கியது. தொழில் மின்னஞ்சலும் சேர்ந்து போனது. 2024 மார்ச்சில் குஜராத் உயர்நீதிமன்றம் கூகுளுக்கும் அரசுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. குளிப்பாட்டிய பாட்டி, குளித்த பேரன் இருவருக்கும் புகார் இல்லாத ஒரு குளியல் உயர்நீதிமன்றம் வரை போன வரலாறு இது. இந்தச் செய்தியைப் படித்த எந்த போட்டோகிராஃபரும் தன் கடையில் உள்ள முதல் மொட்டை, காது குத்து ஆல்பங்களை நினைத்து ஒரு கணம் திகைத்திருப்பார். எல்லாத் தமிழ்க் குழந்தைகளுக்கும் சட்டையில்லாமல் கவிழ்ந்து படுத்த படம் ஒன்று இருக்கிறது.

ஆக நான்கு அச்சமும் கூடி நம் ஆளை ரகசியக் கிளவுடிடம் கொண்டுபோய் விட்டன. வாங்கியதும் பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கில் முதல் மூன்று உடனே தெரிந்தன. டீக்கடையில் என்க்ரிப்ஷன் பற்றிப் பேசினார், கூகுளை அழிக்கப்போவதாகச் சொன்னார், கேட்டவர்கள் மதித்தார்கள். கொடை, 12 மாதச் சந்தாவை ஒரே தவணையில் கட்டியது.

அடுத்தது மருட்கை. மேலேற்றம் நொடிக்கு 20 மெகாபிட் கிடைத்தால், ஒரு கல்யாணத்தின் 500 ஜிபி போய்ச்சேர இரண்டு நாளும் ஏழரை மணிநேரமும் ஆகும். கரண்டு போகாமலிருக்க வேண்டும். மாதாந்திர மின்தடை அந்த இரண்டு நாளில் விழாமலிருக்க வேண்டும். ரோடு தோண்டுகிறவர்கள் ஃபைபரைத் தொடாமலிருக்க வேண்டும். ஏற்றியபின் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்துவிட்டுத் தேடினார். கோப்புக்குள் தேட முடியவில்லை. பார்க்க முடியாதவர்கள் எப்படித் தேடித் தருவார்கள்? கூகுளில் ‘தாலி’ என்று தட்டினால் தாலி கட்டும் படங்களைப் பொறுக்கித் தர முயலும், ஏனென்றால் அது எல்லாக் கல்யாணத்தையும் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. இங்கே சிறுபடம் காட்டக்கூட நம் கம்ப்யூட்டரே உழைக்க வேண்டும். மெதுவாக இருப்பது குறையாகாது. காவலின் கூலி அது. ஆனால் விளம்பரத்தில் கூலி சிறிய எழுத்தில் இருந்தது.

இனி வெகுளிக்கு வருவோம். நூலின் நடுப்பகுதி இது.

பாஸ்வேர்டு மறந்தது. மறந்ததற்குக் காரணம் தேவையில்லை. மறதிக்கு நிலைக்களன் தேடினால் தனி நூலாகும். சில சேவைகள் கணக்குத் திறக்கும்போதே 12 சொற்கள் தருகின்றன: 2048 ஆங்கிலச் சொற்களிலிருந்து பொறுக்கிய, ஒன்றுக்கொன்று உறவில்லாத சொற்கள். அவற்றை எழுதி வைத்துக்கொண்டால் மறந்தாலும் மீட்கலாம். நம் ஆள் எழுதவில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும் என்று எண்ணி, தன்னிடம் இருப்பதிலேயே பத்திரமான இடத்தில் வைத்தார். அது அந்தக் கிளவுடேதான். ஏற்றியதும் செல்போனில் இடம் பிடிக்கிறதென்று அழித்தும்விட்டார்.

கஸ்டமர் கேரோடு நடந்த எழுத்துப் பேச்சு ஆங்கிலத்தில் இருந்தது. பொருளை மட்டும் நம் ஊர் வழக்கில் தருகிறேன்.

“ஏனுங்க, கோப்பு உங்ககிட்டதானுங்களே இருக்குது?”

“இருக்குதுங்க.”

“அப்புறம் எடுத்துக் குடுங்க.”

“அதுல என்ன இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க.”

“எனக்குத் தெரியுமுங்களே! வேலகவுண்டம்பட்டிக் கல்யாணம்!”

“நீங்கதான் அவருன்னும் எங்களுக்குத் தெரியாதுங்க.”

இந்தக் கடைசி விடைக்குப் பிறகு எழுந்த வெகுளி எவ்வகையது? உறுப்பைச் சிதைத்தலால் எழுந்தது என்பர் ஒருசாரார்: செல்போன் இன்று உறுப்பு, அதனுள் இருப்பது நினைவு, ஆகவே உறுப்பறை. அது பொருந்தாது. கிளவுடுக்குப் போனது செல்போனை விட்டுப் போனதாகும். தானே கழற்றிக் கொடுத்த உறுப்பை அறுத்தான் என்று பகைவன்மேல் வழக்கு வைக்க முடியாது. குடிக்குக் கேடு செய்தல் என்பர் பிறர். குடி பெண்வீட்டாருடையது, வெகுள்பவர் போட்டோகிராஃபர். அலைத்தல் என்பாரும் உளர். மனிதன்தான் என்று நிரூபிக்கப் போக்குவரத்து விளக்குள்ள கட்டங்களைத் தொடச் சொன்னதை அவர்கள் சான்று காட்டுவர். சேந்தமங்கலத்து ஆளுக்கு அமெரிக்கச் சாலை விளக்கு அலைச்சலே. ஆனால் அந்தக் கட்டங்களை எல்லாரும் தொடுகிறோம், எல்லாரும் இப்படி வெகுள்வதில்லை. கொலை இல்லை. நினைப்பு கணக்கில் வராது.

ஆகவே ஐந்தாவது களன் ஒன்று வேண்டும். சொன்ன சொல்லைக் காத்தல் என்று அதற்குப் பெயரிடலாம். யாராலும் திறக்க முடியாத பெட்டி வேண்டும் என்று கேட்டார், அப்படியே கொடுத்தார்கள். ஒருவன் தான் கேட்டதையே துல்லியமாகப் பெறுவதால் எழும் கோபம் இது. சங்க காலத்தில் இதற்கு வாய்ப்பு அரிது; அன்று யாருக்கும் கேட்டது துல்லியமாகக் கிடைத்ததில்லை.

வங்கி லாக்கர் ஏன் இந்த வெகுளியை எழுப்புவதில்லை என்று கேட்கலாம். லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்பது வங்கிக்கும் தெரியாதுதான். ஆனால் சாவி தொலைந்தால் ஆள் வருவார், சாட்சிகள் முன்னிலையில் பூட்டை உடைப்பார், கூலி நாம் கட்டுவோம். வாடகைதாரர் இறந்தால் நாமினி வருவார். தீயோ திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்தால் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வகுத்தது. வாடகை 2000 என்றால் 2 லட்சம். அதே ஆண்டு பிப்ரவரியில், லாக்கர் விஷயத்தில் வங்கிகள் கையை உதறிவிட முடியாது என்று உச்சநீதிமன்றம் சொன்னதன் விளைவு அது. லாக்கரின் ரகசியம் இரும்பால் ஆனது, இரும்பை உடைக்கலாம். கிளவுடின் ரகசியம் கணக்கால் ஆனது. அதை உடைக்கும் கொல்லர் இன்னும் பிறக்கவில்லை, பிறந்தால் முதலில் திருடர்கள் கூப்பிடுவார்கள். உடைக்கக்கூடிய பூட்டு வேண்டும், ஆனால் எனக்கு மட்டும் உடைய வேண்டும் என்பதே வாடிக்கையாளர் கேட்பது. மத்திய அரசும் அதையேதான் கேட்கிறது. இருவரும் கூட்டாக மனுப்போடலாம்.

இவ்விடத்தில் உள்ளூர்ச் சான்று ஒன்று. சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போய், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. அங்கே அரக்கரிடமிருந்து முனிவரைக் காக்க ஒரு பாவை நிறுத்தப்பட்டிருந்தது என்பது பழங்கதை. வருகிறவனைப் பார்த்துச் சிரிக்கும், மயக்கும், கொல்லும். காற்று, இடி, மழை எது வந்தாலும் வடிவம் கெடாதது என்று நற்றிணை சொல்கிறது. இன்றைய விளம்பர மொழியில் 99.99 விழுக்காடு. ஆளில்லாமல் இயங்கும் காவல் முறைகளில் நான் அறிந்த மட்டில் தமிழ்நாட்டில் இதுவே மூத்தது. காவல் கேட்ட முனிவரே ஒரு நாள் அடையாளத்தை மறந்து மலையேறி வந்தால் பாவை என்ன செய்யும் என்று கதை சொல்லவில்லை. கஸ்டமர் கேர் சொல்கிறது.

நிறுவனங்கள் பக்கமே முழு நியாயம் என்று முடித்துவிடவும் இயலாது. 2022இல் சூரிக் ஈ.டி.ஹெச். ஆய்வாளர்கள் மெகா என்ற கிளவுட் நிறுவனத்தின் பூட்டை ஆராய்ந்து, நிறுவனமே நினைத்தால் திறக்க வழியுண்டு என்று காட்டினார்கள். 2024இல் அதே பல்கலைக்கழகத்தார் சிங்க், பிகிளவுட், ஐஸ்டிரைவ், சீஃபைல், டிரெசாரிட் என்று ஐந்தைச் சோதித்தார்கள். ஐந்துக்கும் சேர்த்து வாடிக்கையாளர் 2.2 கோடிக்கு மேல். டிரெசாரிட் பெருமளவு தப்பியது. மற்ற நான்கிலும் சர்வரைப் பிடித்த எதிரி கோப்பைக் கெடுக்கவோ, தன் கோப்பை நுழைக்கவோ, சிலவற்றில் படிக்கவோ வழி இருந்தது. அப்படியானால் உரியவன் கேட்டால் திறக்காது, திருடன் கேட்டால் திறக்கும் என்ற நிலையும் இவ்வுலகில் உண்டு. இதற்கான வெகுளிக்குத் தொல்காப்பியரிடமே இடமிருக்கிறது, நான்கில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சில நிறுவனங்கள் ரகசியத்தைக் காத்தபடியே கடையைச் சாத்திவிட்டன. சுவிட்சர்லாந்தில் தொடங்கிய வுவாலா 2015 நவம்பரில் மூடியது. ஸ்கிஃப் என்ற ஒன்றை 2024 பிப்ரவரியில் நோஷன் என்ற நிறுவனம் வாங்கியது. ஆறு மாதத்தில் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றார்கள். வாழ்நாள் திட்டம் என்று ஒரே தொகைக்கு விற்பவர்களும் உண்டு. பிகிளவுட் வாழ்நாளுக்கு வரையறை வைத்திருக்கிறது: 99 ஆண்டு, அல்லது கணக்கு வைத்திருப்பவரின் ஆயுள், எது குறைவோ அது. வாடிக்கையாளர் சாவைப் பற்றி இவ்வளவு தெளிவாக இருக்கும் இந்தத் தொழிலில், நிறுவனத்தின் சாவுக்கு வரையறை எழுதும் வழக்கம் இல்லை.

பாஸ்வேர்டு நினைவிருந்தாலும் போதாது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதியால் கார்டில் மாதாமாதம் தானாகப் போகும் பணம் பலருக்கு நின்றது, வெளிநாட்டுச் சந்தாக்கள் குறிப்பாக. பணம் வரவில்லை என்று ஃபோன் செய்ய நிறுவனத்திடம் நம் எண் இல்லை, அது கேட்காததால்தான் அதை வாங்கினோம். பிறகு அரசுத் தடை என்ற வகை. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னைத் தனியார் பள்ளிகள் பலவற்றுக்கு வெடிகுண்டு மிரட்டல் போனது புரோட்டான் மெயில் என்ற சுவிஸ் ரகசிய மின்னஞ்சல் சேவையிலிருந்து. அனுப்பியவனைக் காண முடியாத தமிழகக் காவல்துறை, சேவையையே முடக்கும்படி மத்திய அரசைக் கேட்டது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்ட பின் அப்போது தடை நடைமுறைக்கு வரவில்லை. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் முடக்க நடவடிக்கை எடுக்கும்படி உத்தரவிட்டது. புரோட்டானில் அஞ்சலுக்கும் கிளவுடுக்கும் ஒரே கணக்கு. எவனோ ஒருவன் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட நினைத்தால், ஊரில் ஒருவரின் நலங்கு வீடியோ ஜெனீவாவில் மாட்டிக்கொள்ளும் நாள் வரலாம்.

மிச்ச மெய்ப்பாடுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். அழுகை, இழவு பற்றியது. கோப்பு அழியவில்லை, அழிந்திருந்தால் அழுது முடித்திருக்கலாம். அது அங்கேயே முழுதாக இருக்கிறது, கட்டிய சந்தா இடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இருக்கும் பிணத்துக்கு வாடகை கட்டும் இழவு எந்தச் சடங்கு நூலிலும் இல்லை. இளிவரல், பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வந்து “ஆல்பம் எப்பங்க தம்பி?” என்று மரியாதையாகக் கேட்கும்போது தோன்றும், அதன் களன் வருத்தம். மரியாதை கூடக் கூட அது வளரும்.

நகை கடைக்காரருக்கு வருவதில்லை, சுற்றி இருப்பவருக்கு வருகிறது. அதன் நான்கு களனில் பேதைமையும் மடனும் எள்ளலும் இங்கே ஒன்றாய்க் கூடின. அவசரத்துக்கு முகூர்த்தப் பகுதியை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கேட்டார். பென்டிரைவ் இருந்தது. அது பொலிரோவில் செருகப்பட்டிருந்தது; தாலி கட்டிய இடத்தில் இளையராஜா பாட்டு 212 இருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன், “உள்ள இருந்தது என்னான்னு தெரியலீங்க, அழிச்சுட்டேன்” என்றார். எந்த ரகசியக் கிளவுடும் எழுதித் தரக்கூடிய விடைதான்.

உவகை ஒன்று மட்டும் எங்கும் அகப்படவில்லை. தலைவரிடம் இல்லை, பெண்வீட்டாரிடம் இல்லை, வீட்டம்மாவிடமும் இல்லை. ஹார்ட் டிஸ்க்குகள் மறுபடியும் சேலைக்கு அடியில் போய்விட்டன. உவகையின் களன்களில் செல்வமும் ஒன்று. அடுத்த ஆண்டுச் சந்தாவுக்கான அறிவிப்பு, யாரென்றே தெரியாத ஒருவருக்கு, சரியான தேதியில் வந்து சேர்ந்தது.